மெஷின் சரியில்லை

ஆம்புலன்சில் பின்னால் இருந்து நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. தினமும் காலையில் ஷிப்ட் மாறும்போது ஈ.சி.ஜி. மெஷின் ஓடுகிறதா என்று சோதிக்கவேண்டும். அதற்கு ஒரு நெஞ்சு வேண்டுமே. எங்கள் வண்டியில் அது எப்போதும் டிரைவர் அண்ணனுடையதுதான். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தபடியே சட்டைப் பொத்தான்களைக் கழற்றுவார், நான் வயர்களை ஒட்டுவேன். கோடு விழுந்த தாள் வெளியே வந்தால் மெஷின் நல்லது. தாளைக் கோப்பில் செருகிவிடுவேன், அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று யார் பார்த்தார்கள்? நோயாளிக்கு எடுத்தால்தான் அது படிக்கவேண்டிய தாள்.

ஒரு வாரமாகக் கோடு ஓரிடத்தில் தொய்ந்து கிடந்தது. வயரைத் திட்டினேன், ஸ்டிக்கரைத் திட்டினேன், இந்த ஓட்டை மெஷினை எங்கள் தலையில் கட்டியவனை அவன் தகப்பன்வரை திட்டினேன். அன்றைக்குக் காலையில் அதே கோடு மேலே எழும்பி, முதுகு வளைத்து நின்றது. பதிவேட்டில் ‘மெஷின் சரியில்லை’ என்று எழுதினேன்.

“அதுக்கும் வயசாவுதுல்லா மக்கா” என்று அண்ணன் சிரித்தார். அண்ணனுக்குக் கண்ட நேரத்தில் கண்ட கடையில் புரோட்டா, மணிக்கொரு சாயா, உட்கார்ந்தபடியே தூக்கம். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன்.

மதியம் இனயத்திலிருந்து அழைப்பு வந்தது. நெஞ்சுவலியோடு ஒரு அம்மா. கணவர் கடலில், கூட வர ஆளில்லை. ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குக் கிளம்பினோம். வேறு மெஷின் இல்லாததால் அதையே ஒட்டினேன். கோடுகள் அச்சடித்ததுபோல் சுத்தமாக வந்தன. மறுபடி எடுத்தேன். மறுபடியும் சுத்தம்.

மெஷினுக்கு ஒன்றுமில்லை. அப்படியென்றால், காலையில் வந்த கோடு அண்ணனுடையது.

சைரன் அலறிக்கொண்டிருந்தது. உச்சிவெயிலில் ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டன. குருசடி முன்னால் நின்ற ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள், பின்னால் கிடப்பவருக்காக என்று நினைத்து.

அந்த அம்மா மட்டும் கழுத்தைத் திருப்பி முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பிள்ளே, வண்டி ஓட்டுதது யாரு? அந்தக் கண்ணாடியில ஒரு முகம் தெரியுது பாரு. கண்ணு சிமிட்டவே இல்ல.”

டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். அண்ணனின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. தாடையிலிருந்து வேர்வை சொட்டியது. வண்டியோ கொஞ்சமும் ஆடாமல், வேறு யாரோ ஓட்டுவதுபோல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு பயம் எந்த விபத்திலும் எனக்கு வந்ததில்லை.

அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த தடுப்புக் கண்ணாடியைத் தட்டினேன். “அண்ணே, ஓரமா நிறுத்துங்க.”

“பின்னால கேஸ் கெடக்குல்லா மக்கா?”

“கேஸ் நீங்கதான். நிறுத்துங்கண்ணே!”

நிறுத்தினார். நான் சொல்லாமலே அந்த அம்மா ஸ்ட்ரெச்சரைவிட்டு இறங்கி இடம்கொடுத்தார். டிரைவர்கள் விளையாட்டுக்குக்கூட அதில் படுக்கமாட்டார்கள். அண்ணன் படுத்தார். மாத்திரை கொடுத்து, இன்னொரு வண்டிக்குச் சொல்லிவிட்டு, மெஷினை ஒட்டினேன். காலையில் பார்த்த அதே வளைந்த முதுகு தாளில் வந்தது.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். “எப்ப தொட்டு மக்கா இப்படி இருக்கு?”

ஒரு வாரத்துத் தாள்களும் என் தலைக்கு மேலே கோப்பில் இருந்தன.

“இன்னைக்குத்தாண்ணே.”

அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது அவருக்கு ஆபீசில் உட்கார்ந்த வேலை. காலைச் சோதனைத் தாள்களையும் டாக்டர் பார்க்கவேண்டும் என்று நான் சண்டைபோட்டு வாங்கினேன். என்னைப் பாராட்டிக் கைகூடத் தட்டினார்கள். அந்தக் கோப்பைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் வாய்திறக்கவில்லை.

திருவட்டாறில் அவர் வீட்டுக்கு எப்போதாவது போவேன். அவர் மனைவி என் கையை விடவே மாட்டார். “நோவு வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சியே பிள்ளே, உன்னாலதான் இவரு இருக்காரு” என்று சொல்லிச் சொல்லித் தட்டில் பலகாரம் வைப்பார். நான் அதைத் தின்றுவிட்டு வருகிறேன்.