கொலீன் வாங்கிய வெளியூர் பேக்கேஜ்

என் நாத்தனார் கொலீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஜனவரி மாதத்தில் சாலை முழுக்க உறைந்து வழுக்கும்போது, வண்டி நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒரு கையில் காப்பியும் மறு கையில் ஸ்டியரிங்குமாக வருவாள். ஒரு தடவை காட்டிலிருந்து மூஸ் என்கிற ராட்சத மான் ஒன்று வந்து பேருந்துக்குக் குறுக்கே நின்றதாம். இவள் ஹாரன்கூட அடிக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "பெரிய மனுஷன் முதல்ல போகட்டும், நாம அப்புறம் போலாம்" என்றாளாம். கனடாவில் எங்கள் சின்ன ஊரான ஸ்வான் ரிவரில் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும்.

ஆனால் அவள் பயந்தாங்கொள்ளிதான். அவளுடைய மொத்தப் பயமும் ஒரே இடத்தில் இருந்தது. ஐஸ் ஹாக்கி கோல் வலைக்கு முன்னால். அங்கேதான் அவள் மகன் கார்சன் நின்றான்.

கோல்கீப்பரைப் பெற்றவர்கள் எங்களூரில் கூட்டத்தோடு உட்கார மாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டது. ஐந்து கோல் விட்ட பையனின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது? பெஞ்சில் மற்ற அம்மாக்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, கொலீன் ஐஸ் தளத்தின் மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தனியாக நிற்பாள். ஒவ்வொரு பகுதி முடிந்து கோல்கீப்பர்கள் பக்கம் மாறும்போது அவளும் அந்தக் கோடிக்கு நடப்பாள். எதிரணிக்காரன் மட்டையை ஓங்கினால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். கூட்டம் போடுகிற சத்தத்தை வைத்து, பையன் அந்த ரப்பர் வட்டைத் தடுத்தானா விட்டானா என்று தெரிந்துகொண்டு அப்புறம்தான் திறப்பாள்.

இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் கார்சன் கேட்பான்: "அம்மா, அந்தக் கடைசி ஷாட் பார்த்தியா?"

"பார்த்தேன்டா கண்ணு. பிரமாதம்!"

பின் இருக்கையில் உட்கார்ந்து நான் உதட்டைக் கடித்துக்கொள்வேன். அந்தப் பையன் தடுத்த ஒரு ஷாட்டைக்கூட அவள் பார்த்ததில்லை.

அவள் புருஷன் ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். கார்சனை இவள்தான் தனியாக வளர்த்தாள். எங்கள் மாகாணத்துப் பெரிய நகரமான வின்னிபெக்கின் அணிக்கு ஆள் பார்க்கிறவர்கள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, பையன் உயரம் போதாது என்று போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவன் ஊர் ஊராகச் சின்ன அணிகளில் ஆடினான். போன ஜனவரியில் திடீரென்று அழைப்பு வந்தது. அமெரிக்காவின் தென்கோடியில், பனியே பெய்யாத ஓர் ஊரின் பெரிய அணி. அவர்களுடைய இரண்டாவது கோல்கீப்பர் இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டானாம். முதல் கோல்கீப்பருக்குத் துணையாக இவன் பெஞ்சில் உட்கார வேண்டும்.

அன்றைக்கே கொலீன் என் சமையலறைக்கு வந்துவிட்டாள். நான் பெரோகி கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, அவன் ஆடறதை நான் எப்படிப் பார்க்கறது? கேபிள்ல அந்தத் தெற்கத்தி டீம் எப்பவாவது ஒரு தடவைதான் வருது. இன்டர்நெட்ல வெளியூர் டீம் பேக்கேஜ்னு ஒண்ணு இருக்காம். இன்னொண்ணு ரெண்டையும் சேர்த்துக் குடுக்குதாம், ஆனா எல்லா ஆட்டமும் இல்லையாம். தலையே சுத்துது."

என் வீட்டுக்காரர், அதாவது அவள் அண்ணன் மெர்வின், சோபாவிலிருந்து குரல் கொடுத்தார். "என் கூட்டாளி டக்கிட்ட திருட்டு டிவிப் பெட்டி ஒண்ணு இருக்கு. உலகத்துல நடக்கற எல்லா ஆட்டமும் வரும்."

"நடுவுல நின்னுரும்ணா. அவன் மேல வட்டு வர்ற நேரத்துல படம் நின்னா நான் செத்தே போயிடுவேன்."

"கண்ணை மூடிக்கப் போறவளுக்குப் படம் நின்னா என்ன, ஓடினா என்ன?" என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னது வேறு: "இங்க வந்து பாரேன்டி. எத்தனை பேர் வர்ற வீடு."

"அதுக்காகத்தான் வர மாட்டேன்."

ஒரு வாரம் இதே பேச்சு. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலிப் பேருந்தை நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து போனில் ஒவ்வொன்றாகப் படிப்பாள். ஒன்றை முடிவு செய்வாள், அன்று சாயங்காலமே மாற்றுவாள். தப்பானதை வாங்கிவிட்டு, சரியாக அந்த ஆட்டத்தில் அவன் களமிறங்கி, தான் பார்க்க முடியாமல் போய்விட்டால்? அவளுக்குச் சோறு இறங்காமல் போனது இந்த ஒரு கேள்வியால்தான். கடைசியில் என் எதிரிலேயே அந்த வெளியூர் பேக்கேஜ்காரருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பையன் பொறுமையாகப் பதில் சொன்னான்.

"அந்தத் தெற்கத்தி டீம் எங்க பகுதியைச் சேர்ந்ததா தம்பி?"

"இல்லைங்கம்மா. உங்களுக்கு அது வெளியூர் டீம்தான்."

"அப்போ அவங்க ஆட்டம் எல்லாம் வரும்?"

"வரும்மா. உங்க பகுதிக்குத் தடை இருக்கற ஆட்டத்தைத் தவிர..."

"வரும்னு சொல்லிட்டே. போதும். நீ நல்லா இருக்கணும்."

போனை வைத்த கையோடு கேபிளை நிறுத்தச் சொல்லி இன்னொரு போன். நான் கொஞ்சம் தயங்கினேன். "அதுலதானே வின்னிபெக் ஆட்டம் வரும்? இருந்துட்டுப் போகட்டுமே."

அவள் முகம் சிவந்துவிட்டது. "என் புள்ளைய உயரம் பத்தலைன்னு சொல்லிட்டுப் போனவங்க அண்ணி. அவங்க மூஞ்சிய நான் எதுக்குக் காசு குடுத்துப் பார்க்கணும்?"

எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பையன் ஏதோ தடை என்று சொல்ல வந்ததை நாங்கள் இரண்டு பேருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பேக்கேஜ் வந்தது. சில வாரங்கள் அவள் சந்தோஷமாகவே பயந்தாள். கார்சன் தொப்பியைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆட்டக்காரர்கள் உள்ளே வெளியே போக அந்தச் சின்னக் கதவைத் திறந்து திறந்து மூடினான். கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எனக்குப் போன் வரும். "கதவை எவ்வளவு அழகா தொறக்கறான் பார்த்தீங்களா அண்ணி!" முதல் கோல்கீப்பர் முட்டி மடங்கி விழுந்தால் இவளுக்கு உயிர் போய் உயிர் வரும். "அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது கடவுளே" என்று வேண்டிக்கொள்வாள். ஊரான் பெற்ற பிள்ளை மேல் அப்படி ஒரு பாசம்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை கார்சன் கூப்பிட்டான். சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். முதல் ஆள் சனிக்கிழமை ஆடிக் களைத்துவிடுவான்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான்தான்மா."

"யாரோடடா?"

"வின்னிபெக்கோட. இங்கேயே."

அவள் என்னிடம் வந்து சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "பார்க்கட்டும் அண்ணி. யாரை வேண்டாம்னாங்கன்னு நல்லா கண் குளிரப் பார்க்கட்டும்." இரண்டு நாளும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவாள், தட்டில் வைப்பாள், மறந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மெர்வினோடு ஐஸில் கல் தள்ளி ஆடுகிற கர்லிங் கூட்டாளிகள் அத்தனை பேரும் வந்து குவிந்துவிட்டார்கள். அத்தனை பேர் முதுகிலும் வின்னிபெக் சட்டை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஏங்க, உங்க தங்கச்சி புள்ள எதிர்ல நிக்கறான். இன்னிக்காவது இந்தச் சட்டையைக் கழட்டக்கூடாதா?"

"சட்டைக்கும் சொந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அந்தப் புண்ணியவான்.

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது என் போன் அடித்தது. கொலீன்தான். ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அண்ணி, கறுப்பா இருக்கு. ஒண்ணுமே வரல."

எதிர் வீடுதான். பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினேன். திரையில் படம் இல்லை. ஒரே ஒரு வரி. இந்த ஆட்டம் உங்கள் பகுதியில் காட்டப்படாது.

"அவன் ஆடறது அமெரிக்காவுல! அது எப்படி என் பகுதி ஆகும்?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். போன் போட்டாள். பாட்டு ஓடியது. அப்புறம் ஒரு பெண் வந்து நிதானமாக விளக்கினாள்: வின்னிபெக் எந்த ஊரில் போய் ஆடினாலும் மனிடோபா மாகாணம் முழுக்க அது உள்ளூர் ஆட்டம்தான். வெளியூர் பேக்கேஜில் உள்ளூர் ஆட்டம் வராது. உள்ளூர் சேனலில்தான் பார்க்க வேண்டும்.

"வின்னிபெக்குக்கு நான் அஞ்சு மணி நேரம் கார் ஓட்டணும்மா! அதுவா உள்ளூரு?"

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். கேபிள்காரர்கள் திங்கட்கிழமைதான் இணைப்பு தர முடியும் என்றார்கள். உள்ளூர் ஆட்டத்துக்கென்று இன்டர்நெட்டில் தனிச் சந்தா ஒன்று இருந்தது. அதற்கு உட்கார்ந்தால் இவள் பட்ட அவசரத்தில் கடவுச்சொல் திரும்பத் திரும்பத் தப்பாகி, கடைசியில் நாளைக்கு வா என்று அதுவும் கதவைச் சாத்திவிட்டது. ஊரில் வீட்டுக்கு வீடு அவள் பிள்ளை தெரிந்தான். பெற்றவள் வீட்டில் மட்டும் தெரியவில்லை.

"எங்க வீட்டுல ஓடுதுடி. எழுந்திரு."

"அங்க ஆளுங்க இருக்காங்க அண்ணி."

"இருக்கட்டும். கடிச்சுத் தின்னுடுவாங்களா?"

கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் வந்தாள். ஆனால் கூடத்துக்குள் வரவில்லை. சமையலறை வாசலில், ஃப்ரிட்ஜை ஒட்டி நின்றுகொண்டாள். மெர்வின் இடம் ஒதுக்கி, "இங்க வந்து உக்காருடி" என்றார். "நிக்கறேண்ணா" என்றாள். திரையில் கார்சன் முகமூடிக்குள் இருந்தான். வட்டு அவன் பக்கம் வந்ததும் இவள் கண் மூடிக்கொண்டது.

"ஐயோ!" என்று கூடமே அலறியது.

கொலீன் தலை தொங்கிவிட்டது. "போச்சா அண்ணி?"

"தடுத்துட்டான்டி!"

அப்போதுதான் இரண்டு பேருக்குமே விளங்கியது. இந்த வீட்டில் சத்தம் தலைகீழ். இங்கே ஐயோ என்றால் பிள்ளை தடுத்துவிட்டான் என்று அர்த்தம். அதற்கப்புறம் ஒவ்வொரு ஐயோவுக்கும் அவள் மெல்ல மூச்சு விட்டாள்.

பிறகு ஒரு தடவை ஐயோ வரவில்லை. கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு சத்தம். சோளப்பொரிக் கிண்ணம் கவிழ்ந்தது. எல்லாரும் துள்ளி எழுந்து கையைத் தூக்கினார்கள், சொந்தத் தாய்மாமனும் சேர்ந்துதான். கைகள் மேலே இருக்கும்போதே ஒவ்வொருவராக சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடியபடி, சுவரோடு சுவராக, வெளுத்துப்போய் நின்றாள்.

மெர்வின் கையை இறக்கினார். "மன்னிச்சுக்கடி. பழக்க தோஷம்."

"பரவால்லண்ணா. உங்க டீமு."

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஐயோவும் இல்லை, ஆஹாவும் இல்லை. இரண்டாம் பகுதியில் கொலீன் பழக்கத்தில் வாசலின் மறு ஓரத்துக்கு நகர்ந்தாள், மூன்றாம் பகுதியில் பழையபடி ஃப்ரிட்ஜுக்கு வந்தாள். தெற்கத்தி அணி இரண்டுக்கு ஒன்று என்று முந்தியிருந்தது. முடியப்போகிற நேரம். வின்னிபெக் ஆள் ஒருவன் தனியாக வட்டைத் தள்ளிக்கொண்டு கார்சனை நோக்கி வந்தான். டிவியில் ஓர் இரைச்சல், அதில் யார் சந்தோஷப்படுகிறார்கள், யார் அழுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. எங்கள் கூடமோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அண்ணி, என்ன ஆச்சு?" அவள் கண் இன்னும் மூடியே இருந்தது. "யாராவது சொல்லுங்களேன்! அண்ணி!"

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "நான் ஏன்டி சொல்லணும்? உன் புள்ளதானே, நீயே பாரு!"

திறந்துவிட்டாள். முதல் ஷாட்டைக் கார்சன் காலால் தடுத்திருந்தான். வட்டு ஓரத் தடுப்பில் மோதிச் சுற்றி, மறுபடி அதே ஆளிடம் போனது. அவன் மறுபடி அடித்தான். அது கார்சனின் தோளுக்கு மேலாகப் போய் வலையில் விழுந்ததை, இந்தத் தடவை கொலீன் முழுசாகப் பார்த்தாள். இரண்டுக்கு இரண்டு. ஒருவரும் கத்தவில்லை.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடுவாளோ என்று. அவள் விழவில்லை. திரையில் கார்சன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான். வலைமேல் இருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தான். முகமூடியை இறக்கினான். இடது கம்பத்தை மட்டையால் ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு. குனிந்து தயாராக நின்றான்.

"தண்ணி குடிக்கிறான் அண்ணி," என்றாள் அவள். நம்ப முடியாதவள் மாதிரி என்னைப் பார்த்தாள். "கோல் விட்டுட்டுத் தண்ணி குடிச்சுட்டு நிக்கிறான். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் செஞ்சிருப்பானா?"

"இப்படித்தான்டி. சின்ன வயசுலேர்ந்து."

அவள் வாசலை விட்டு நகர்ந்து, கூடத்துக்கு வந்து, அண்ணன் ஒதுக்கி வைத்த இடத்தில் உட்கார்ந்தாள். கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் உள்ளே போனது. தோற்றுவிட்டார்கள். அதையும் இமைக்காமல் பார்த்தாள். கர்லிங் கூட்டாளிகள் ஆளுக்கொரு பெரோகியை எடுத்துத் தட்டில் வைத்து, தின்னாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயித்தவர்கள் அப்படி இழவு வீடு மாதிரி இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, பார்த்தியா?"

"பார்த்தேன்டா. கடைசி கோல்ல நீ சீக்கிரமே முட்டி போட்டுட்டே. மேல இடம் விட்டுட்டே, அவன் போட்டுட்டான்."

கோபித்துக்கொள்வானோ என்று எனக்குத் திக்கென்றது.

"அம்மா," என்றான். குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "இன்னிக்குக் கண்ணைத் தொறந்து வெச்சிருந்தியா?"

கொலீன் போனைக் கிட்டே இழுத்தாள். "உனக்கு எப்படிடா தெரியும்?"

"நம்மூர்ல அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்தானேம்மா நின்னேன்."