ஜன்னலில் கூடு கட்டிய குளவி

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கடலூரிலிருந்து வந்த ஃபிட்டர் அவர். ஒல்லியான ஆள், பென்சில் செருகும் காதில் ஓர் ஈர்க்குச்சி. எதையும் தொடும் முன் ஒரு சொம்புத் தண்ணீரை ஜன்னலில் ஊற்றிப் பார்ப்பார்.

ஊற்றினார். இரண்டு கண்ணாடிகளும் நகரும் அடிப்பக்க அலுமினியப் பட்டையில் தண்ணீர் தேங்கி, உள்சுவரில் வழிந்தது. சுவரோரம்தான் மகளும், பிறந்து பன்னிரண்டே நாளான பேரனும் படுக்கிற கட்டில்.

"பட்டையில இருந்த ஓட்டைங்கள யாரு சார் அடைச்சது?"

"நான்தான்," என்றேன் மெதுவாக. "மழை அது வழியா வருதுன்னு மெழுகுவத்திய உருக்கி ஊத்துனேன்."

"அது தண்ணி வர்ற வழி இல்ல சார், போற வழி."

ஈர்க்குச்சியால் குத்தி எடுத்த மெழுகைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுபடி ஊற்றிய தண்ணீர் முழுவதும் வெளியே போனது. எனக்கு மூச்சு வந்தது.

அதற்குள் மனைவி வந்துவிட்டாள். "எது அடைச்சிக்கினு இருந்திச்சி?"

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. "குளவி கூடு கட்டியிருந்திச்சிம்மா."

"குளவி கட்டுனா கொழந்த பொறக்கும்பாங்க, சரியாப் போச்சி பாருங்க!" என்று சிரித்தபடி அவருக்குக் காபி போடப் போனாள்.

இன்றும் மழை பெய்தால் அவள் அந்தக் குளவியை வாழ்த்துகிறாள். நானும்தான். கடலூரிலிருந்து வந்த அந்தக் குளவியின் பெயரைத்தான் கேட்டு வைக்கவில்லை.