ஓரமாப் போங்க

ஏரி ரோட்டில் எனக்கு வாடகை சைக்கிள் கடை. சீசனுக்கு வருகிற டூரிஸ்டுகள் மணிக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொண்டுவந்து விடுவார்கள். சீட்டை ஏற்றி இறக்கிக் கொடுத்து, பிரேக்கை ஒரு தடவை பிடித்துப் பார்த்து, "ஓரமாப் போங்க" என்று சொல்லி அனுப்புவேன். இத்தனை வருசமாக வாயில் ஊறிப்போன பேச்சு.

என் மனைவி செத்ததும் அதே ரோட்டில்தான். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து நடந்து வந்தவளை, ஏரியை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஓட்டிய ஒருவனின் கார் அடித்துவிட்டது. மறுவாரமே கடையைத் திறந்தேன். வேறு சோலி எனக்குத் தெரியாது. ஆனால் மகளை மட்டும் சைக்கிளைத் தொட விடவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அவளுக்கு வேலை. "ஊரார் பிள்ளைக்கெல்லாம் குடுக்குறீங்க, எனக்கு மட்டும் ஏம்ப்பா மாட்டேங்குறீங்க?" என்று கேட்டாள். "பேசாம நடந்து போ" என்று எரிந்து விழுந்தேன். அவள் கேட்டது நியாயம். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

போன சீசனில் ஏரி ரோட்டுக்குத் தடுப்பு வைத்துக் காரையெல்லாம் வெளியிலேயே நிறுத்தினார்கள். "நாலு நாளைக்கு நிக்குமா இது?" என்று நக்கலடித்தேன். நின்றது. அட, எங்கள் ஊர்க்காரர்களே சைக்கிள் கேட்டு வர ஆரம்பித்தார்கள்! ஆஸ்பத்திரி நர்சம்மா வந்தார். லாட்ஜில் துணி துவைக்கிற பெண் வந்தாள். "மணிக்கு வேணாம்ண்ணே, மாசத்துக்குக் குடுங்க" என்றார்கள். இங்கே சைக்கிள் என்றால் டூரிஸ்ட் சாமான். மாசத்துக்கு எடுப்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

கார் வராத தைரியத்தில் மகளுக்கும் ஒன்றைக் கொடுத்தேன். முதல் நாளே பக்கத்து சைக்கிள் கடைக்காரர் முதுகை மட்டும் பார்த்து, அவளை யாரோ டூரிஸ்ட் என்று நினைத்து, "ஏம்மா, ஒரு மணி நேரம் ஆச்சு, வண்டிய விட்டுட்டுப் போ" என்று சத்தம் போட்டிருக்கிறார். "வேலைக்குப் போறேன் மாமா" என்று அவள் சிரித்த சிரிப்பு என் கடை வரைக்கும் கேட்டது. அம்மா போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் உள்ளே போய் அழுதேன்.

சீசன் முடிந்ததும் தடுப்பை எடுத்துவிட்டார்கள். நர்சம்மாதான் முதலில் வண்டியைத் திருப்பி விட்டார். "பயமா இருக்குண்ணே" என்றார். ஒவ்வொருவராக எல்லாரும் கொண்டுவந்து விட்டார்கள், மகளைத் தவிர.

"நீயும் விட்ரு பாப்பா."

"மாட்டேன்."

மறுநாள் வெள்ளனே கிளம்பி நின்றாள். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் தோற்றுப்போய், வழக்கம்போல பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். வாயும் வழக்கம்போலச் சொல்லிவிட்டது.

"ஓரமாப் போ."

அவள் காலை ஊன்றித் திரும்பினாள். "அம்மா ஓரமாத்தானப்பா நடந்து வந்துச்சு."

சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டாள். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த சைக்கிளில் ஏறி அவள் பின்னாலேயே போனேன். நடு ரோட்டில் மிதித்தேன். பின்னால் வந்த எந்தக் காருக்கும் வழி விடவில்லை. ஹாரன் அடித்தார்கள், கண்ணாடியை இறக்கித் திட்டினார்கள். திட்டட்டும். பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்குகிற வரைக்கும் நான் ஓரத்துக்குப் போகவில்லை.