மெயினருவியில் போட்ட குலவை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நல்ல சாரல். குத்துக்கல்வலசையிலிருந்து நானும் என் தங்கைகள் நான்கு பேரும் பெரியக்காவோடு வேனில் குற்றாலம் போனோம். அக்காவுக்கு மறதி நோய். பெயரைக் கேட்டால் சிரிப்பாள். ஊரைக் கேட்டாலும் அதே சிரிப்புதான். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜம்பமாகச் சொல்லியிருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள். வழியெல்லாம் பைலட் திமிங்கிலத்தைப் பற்றி அளந்துகொண்டே வந்தேன். அவை தாய்வழிக் குடும்பமாகவே வாழும், குட்டி போடும் வயசு தாண்டிய மூத்தவளும் கூட்டத்தோடே இருப்பாள், இருட்டுக் கடலில் பிரிந்து போனாலும் ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்து ஒன்று சேர்ந்துவிடும் என்றெல்லாம். தங்கைகள் என்னைக் கேலி பண்ணியே தீர்த்தார்கள்.

மெயினருவியில் குளித்து வெளியே வந்ததும், முந்தானையைப் பிழிய ஒரு நிமிஷம் அக்கா கையை விட்டேன். திரும்பினால் ஆளைக் காணோம்.

செல்போனெல்லாம் வேனில். ஆளுக்கொரு பக்கம் ஓடியதில் கடைசித் தங்கையும் காணாமல் போனாள். போலீஸ்காரர் மைக்கில் அக்கா பெயரைச் சொன்னார். தன் பெயரே தெரியாதவளுக்கு அது எப்படி உறைக்கும்? தண்ணீர் சுழித்து ஓடுகிற இடமெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் நான் அளந்த கதை எனக்கே நினைவு வந்தது. எங்கள் கூட்டத்துக்கும் ஒரு சத்தம் உண்டே! கோயில் கொடைத் திருவிழாவில் அக்கா குலவை போட்ட பிறகுதான் நாங்கள் போடுவோம். மிச்சமிருந்த மூவரையும் ஓரிடத்தில் நிறுத்தினேன்.

“குலவை போடுங்கட்டி.”

எல்லாரும் சிரிப்பார்களே என்று தயங்கினார்கள். நானே ஆரம்பித்தேன்.

ஈரச் சேலையோடு நான்கு பேர், அருவி இரைச்சலுக்கு மேலே குலவை. ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. முதலில் கடைசித் தங்கை ஓடி வந்து சேர்ந்துகொண்டாள். நாங்கள் நிறுத்தவில்லை. நான்காவது தடவை, கடைத்தெருப் பக்கமிருந்து பதில் குலவை வந்தது. எங்கள் ஐந்து பேர் குலவையையும் அமுக்கிவிடுகிற குலவை!

ஓடினோம். ஒரு வளையல் கடை வாசலில் அக்கா நிமிர்ந்து நின்று போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்கார அண்ணாச்சி வாயைப் பிளந்து பார்த்தார்.

“ஒருத்திக்காவது ஒழுங்கா போடத் தெரியுதாட்டி?” என்றாள் அக்கா.

அழுதுகொண்டே சிரித்தோம். வேன் வரைக்கும் ஆறு பேரும் குலவை போட்டுக்கொண்டேதான் நடந்தோம்.

இன்று அக்காவுக்கு என்னை யாரென்று தெரியாது. ஆனால் நான் குலவை போட்டால் பதில் வருகிறது, அது வருகிறவரை அவள் எங்கள் கூட்டத்தில்தான் இருக்கிறாள்.