எங்கள் குர்த்திக்கு ஆள் கிடைத்த கதை

ஆன்லைனில் துணி விற்கும் சகோதரிகளே, தைத்துவிடலாம், விற்றும்விடலாம். அதைப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் நிற்க ஒரு ஆளைப் பிடிப்பதற்குள்தான் நமக்கு உயிர் போய்விடுகிறது, இல்லையா?

கழுத்துக்குக் கீழே

நானும் தோழி ஷமீமாவும் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, தில்லி மயூர் விஹாரில் என் ஃபிளாட்டிலேயே குர்த்தி வியாபாரம் தொடங்கினோம். மாடல் வைக்க வசதியில்லை, நானே நின்றேன். பழைய ஆபீஸ்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்களே என்ற கூச்சத்தில் எல்லாப் படத்தையும் கழுத்தோடு வெட்டினோம். புசா ரோட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்: "துணி அச்சா, நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க கடையில ஒருத்தருக்கும் தலையே இல்லையேம்மா, பார்க்கவே பயமா இருக்கு."

ஏஜென்சி அனுப்பிய பெண்

"கொஞ்சம் பருமனா, கறுப்பா, குள்ளமாவும் ஆட்கள் வேணும்" என்று ஏஜென்சியில் கேட்டோம். சரி என்றவர்கள் நெடுநெடுவென்று, ஒல்லியாய், சிவப்பாய் ஒரு பெண்ணை அனுப்பினார்கள். தங்கமான பெண். படங்களும் பிரமாதம். துணிதான் திரும்பித் திரும்பி வந்தது. அவளுக்கு முழங்காலோடு நின்ற குர்த்தி, வாங்கியவர்களுக்குக் கணுக்காலைத் தொட்டது. பார்சலைத் திருப்பிக் கொடுத்த ஒரு டீச்சர் சொன்னார்: "அடுத்த தடவை அந்தப் பொண்ணோட காலையும் சேர்த்து அனுப்பிடுங்க."

கம்ப்யூட்டர் பெண்கள்

பெரிய சைஸ் குர்த்திகள் விற்காமல் என் படுக்கையறையை அடைத்துக்கொண்டன. ஷமீமா ஏ.ஐ.யை வைத்து எல்லா நிறத்திலும், எல்லா உடம்பிலும் பெண்களை உருவாக்கினாள். பருமனான பெண்ணுக்குக்கூட துணியில் ஒரு சுருக்கம் இல்லை. "உட்கார்ந்தா வயித்துல இழுக்குமா? உட்கார்ந்த படம் இருக்கா?" என்று ஒருவர் கேட்டு எழுதினார். உட்காரவைத்துப் பார்த்தோம்; கம்ப்யூட்டர் எங்கள் குர்த்தியின் பாக்கெட்டை விழுங்கிவிட்டு, இல்லாத பெல்ட் ஒன்றைக் கட்டிவிட்டது. அதை அனுப்ப மனசு வரவில்லை. இது நிஜ ஆள் இல்லை என்று சொல்லிவிட்டோம். பதில் வந்தது: "என்னை மாதிரி உடம்பு இருக்கிறவங்க நிஜத்துல ஒருத்தர்கூட உங்களுக்குக் கிடைக்கலையா?"

ஜெசிந்தா அக்கா

அந்தக் கேள்வி சுட்டது. அந்தப் படங்களை நீக்கிவிட்டோம். இந்த சீசனும் ஓடாவிட்டால் கடையை மூடிவிட்டு மறுபடி வேலை தேடுவது என்றும் பேசிக்கொண்டோம். அப்போதுதான் மாடி வீட்டு நர்ஸ் ஜெசிந்தா அக்கா ஒரு பச்சைக் குர்த்தியைப் போட்டுப் பார்க்க வந்தார். நல்ல கறுப்பு, நல்ல பருமன். குர்த்தி அவருக்கென்றே தைத்ததுபோல் இருந்தது. படம் எடுக்கலாமா என்றேன். அக்கா முகம் சுருங்கிவிட்டது. "எதுக்கு? உடம்பு இளைக்கிற மருந்து விளம்பரத்துல 'முன்னாடி'ன்னு ஒரு படம் போடுவாங்களே, அதுக்கா?"

"யே மே நஹீ"

கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்கவைத்தோம். தில்லிக்கார போட்டோகிராபர் பழக்க தோஷத்தில் அக்காவை வெளுப்பாக்கிவிட்டார். "பையா, யே மே நஹீ. இது நான் இல்லை அண்ணா, என் நிறத்தைத் திருப்பிக் கொடுங்க" என்றார் அக்கா. அவரும் மறுபேச்சில்லாமல் மாற்றினார்.

படத்தைப் போட்டதும், யாராவது கேலி செய்து அக்கா மனசைப் புண்படுத்திவிடுவார்களோ என்று நான் போனையே தொடவில்லை. ஷமீமாதான் பார்த்தாள். ஓரிரண்டு கேலி, மற்றதெல்லாம் ஆர்டர். அக்காவின் ஆஸ்பத்திரித் தோழிகளும் "நாங்களும் நிக்கிறோம்" என்று வந்துவிட்டார்கள். படுக்கையறை காலியாகி, கட்டிலில் காலை நீட்டிப் படுத்தபோது அப்பாடா என்றிருந்தது. கிட்வாய் நகரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: "இவங்களைப் பார்த்ததுமே எனக்குச் சரியா இருக்கும்னு தெரிஞ்சுடுச்சு, அளவெடுக்கிற டேப்பைத் தேடவே இல்லை."

இப்போது எங்களுக்கு மாடல்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் டியூட்டி ஆஃப் கிடைப்பதுதான் பஞ்சம்.