பிரயோஜனமில்லாத மீன்கள்

கண்ணாடித் தொட்டியை ஹாலில் கொண்டுவந்து இறக்கிய அன்று என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "இதனால என்ன பிரயோஜனம்?" என்பதுதான். திண்டுக்கல்லிலிருந்து தினமும் போய்வந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை நடத்துபவர். எதையும் மூட்டையிலும் கிலோவிலும் பார்த்தே பழகியவர். பாலித்தீன் பைக்குள் நீந்திக்கொண்டிருந்த கப்பி மீன்களைக் குனிந்து பார்த்தார். சுண்டுவிரலில் பாதிகூட இல்லை ஒவ்வொன்றும்.

"கொழம்புக்கும் ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

"பாக்குறதுக்கு வாங்குனேன்."

"பாக்கத்தான் டிவி இருக்குல்ல?"

டிவி அவருடையது. அவர் கடைக்குப் போய்விட்டால் என் மாமியாருடையது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் எனக்கென்று நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தத் தொட்டி. தையல் மிஷின் ஒன்றும் எனக்கென்று வாங்கியதுதான். அது என்னிடம் வேலை வாங்குவது, எனக்கானது அல்ல. அதனால் யார் என்ன சொன்னாலும் சரி, இந்தத் தொட்டி ஹாலை விட்டு நகரக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

கூழாங்கல் பரப்பி, பாசி நட்டு, குமிழி விடும் குட்டி மோட்டாரை மாட்டினேன். ஆரஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு அவை சுற்றி வந்தபோது எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் தண்ணீர் வரும் நாள் வரைக்கும்தான். திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் தெருவே அமளிப்படும். குடம், டிரம், அண்டா எல்லாவற்றிலும் மிச்சமிருப்பதைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதிதாகப் பிடித்து வைக்க வேண்டும். முந்தின நாள்வரை டம்ளர் டம்ளராக அளந்து செலவழித்த தண்ணீர், குழாயில் காற்றுச் சத்தம் கேட்டதுமே பழைய தண்ணீராகிவிடும். இதெல்லாம் எங்களுக்குக் கையோடு ஊறிப்போன பழக்கம். அன்று நானும் மீன்களை ஒரு வாளிக்கு மாற்றினேன். தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டினேன். கூழாங்கல்லைப் பாத்திரம் தேய்க்கும் பொடி போட்டு வெள்ளை வெளேரென்று தேய்த்தேன். மருந்து வாடை அடிக்கும் புதுத் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டேன். தொட்டி பளபளவென்று இருந்தது. சாயங்காலம் அத்தனையும் செத்து மிதந்தன.

"தண்ணிக்கே அல்லாடுற ஊர்ல மீனு வளக்குறாளாம்" என்றார் மாமியார். காலித் தொட்டியில் அரிசி கொட்டி வைக்கலாம் என்றார் கணவர். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு அப்போதே மீன் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

"பழைய தண்ணியிலதான்க்கா அதுக்கு உசுரு இருக்கு" என்றார் கடைக்காரர். "கொஞ்சமா எடுத்துட்டு கொஞ்சமா ஊத்துங்க. புதுத் தண்ணிய ரெண்டு நாள் தொறந்து வச்சு ஊத்துங்க. சோப்பு, பொடி எதுவும் ஆகாது."

மறுபடியும் மீன்கள் வந்தன. மறுபடியும் தண்ணீர் வரும் நாளும் வந்தது. மாமியார் வாளியோடு வந்து தொட்டியருகே நின்றார்.

"ஏத்தா, இது மட்டும் எதுக்கு நாத்தத் தண்ணி? கொட்டிரு."

"இதுல கை வைக்காதீங்க அத்தை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரிடம் நான் அப்படிப் பேசியதே கிடையாது. பேசியும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தெருவிலேயே பழைய தண்ணீர் வைத்திருந்த வீடு அன்று எங்களுடையதுதான். அந்தப் பழைய தண்ணீரில்தான் கொஞ்ச நாளில் மிளகு அளவுக் கண்களோடு குஞ்சுகள் ஓடித் திரிந்தன.

பிறகு ஒரு சனிக்கிழமை, மார்க்கெட்டுக்கு லீவு நாள், வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் பெண் வந்தார். கொல்லையில், குடம் அண்டாவோடு சேர்த்துக் கழுவாமல் விட்டுவிடுகிற, துணி துவைக்கும் சிமெண்ட் தொட்டிக்குள் டார்ச் அடித்தார். புழு நெளிந்தது. திரும்பி ஹால் வழியாகப் போனவர் என் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"கப்பியா இது? புழுவ ஒன்னு விடாமத் தின்னுரும். அந்தக் கொல்லைத் தொட்டியில நாலஞ்சு விட்டுருங்க."

அவர் போனதும் என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பிரயோஜனம் இருக்குன்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றார். பக்கத்து வீட்டுக்கும் ரெண்டு கொடுக்கலாம் என்றார் மாமியார். என் மீன்களுக்கு அந்த வீட்டில் ஒரு நிமிடத்தில் மரியாதை வந்துவிட்டது. நான் பூரித்துப்போயிருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. இதே மரியாதையைத்தான் எனக்கும் கொடுத்தார்கள், இட்லி வேகும்வரை, துணி காயும்வரை.

"விடமாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"அது வேலைக்கு வந்த மீனு இல்ல. கொல்லைத் தொட்டியத் தேச்சுக் கழுவுனா புழு போயிரும்."

"யாரு தேய்க்கிறது?"

"நீங்கதான். இன்னைக்கு லீவுதான?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். பிரஷ் சிமெண்டில் உரசும் சத்தம் கேட்டது. ஆரஞ்சு வால் ஒன்று பாசிக்குள் போய் மறுபக்கம் வந்தது.

"அங்க உக்காந்து என்ன பண்ற?" என்று கொல்லையிலிருந்து கத்தினார்.

"ஒன்னும் பண்ணலைங்க" என்றேன்.