நாலில் தொடங்கும் ஸ்கேல்

விசாலாட்சி டீச்சர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஏழுமலை. நான் கடலூரில் ஒரு அதிகாரியின் பேட்டிக்காகக் காத்திருந்தேன். "சார், டீச்சர் போயிட்டாங்க. காலையில காபி குடிக்க உக்காந்தவங்க எந்திரிக்கல. சிதம்பரம் வந்துடுங்க" என்றார். பல வருடங்களுக்கு முன் டீச்சர் மீது புகார் சொல்ல, பத்திரிகை நிருபரான எனக்கு போன் செய்தவரும் இதே ஏழுமலைதான். பேட்டியை விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

டீச்சரிடம் படித்தவர்களுக்கு அந்த உடைந்த ஸ்கேல்கள் நினைவிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிதம்பரத்தை ஒட்டிய ஒரு ஊரின் தொடக்கப் பள்ளியில் அவர் மூன்றாம் வகுப்பு எடுத்தார். நீளத்தை அளக்கும் பாடம் வந்தால் பிள்ளைகளின் ஸ்கேலை வாங்கி, ஆக்சா பிளேடால் முன்பக்கத்தை அறுத்துத் திருப்பித் தருவார். ஒருவனுடையது இரண்டில் தொடங்கும், இன்னொருத்தியுடையது ஐந்தில். அதை வைத்துப் பென்சிலை அளக்க வேண்டும். பென்சில் பதினொன்றில் முடிந்தால் "பதினொண்ணு டீச்சர்" என்று கத்துகிற பிள்ளையிடம், "எங்க கெளம்பின, அதச் சொல்லு மொதல்ல" என்பார்.

ஒருநாள் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, "சிதம்பரத்துல ஏறினவனுக்கும் புதுச்சத்திரத்துல ஏறினவனுக்கும் கடலூர் ஒரே தூரமாடா?" என்று ஒரு பையனைக் கேட்டார். அவன் யோசித்துவிட்டு, "புதுச்சத்திரத்துல எல்லா பஸ்ஸும் நிக்காது டீச்சர்" என்றான். "சரி, நிக்கிற பஸ்ஸுக்குச் சொல்லு" என்றார் அவர், முகம் மாறாமல்.

நான் அன்று அங்கே போனது ஏழுமலையின் புகாரை விசாரிக்க. கட்டட வேலைக்குக் கம்பி கட்டுகிறவர் அவர். மகள் பவித்ராவுக்குப் புது ஸ்கேல் வாங்கித் தந்திருந்தார். மறுநாள் அது முனை அறுபட்டு வீட்டுக்கு வந்தது. "பிரைவேட் ஸ்கூலுக்கு வேன்ல போற புள்ளைங்களுக்கு முழு ஸ்கேலு, எம்புள்ளைக்கு மட்டும் ஒடஞ்சதா? டி.சி. குடுங்க, நான் வேற எடம் பாத்துக்குறேன்" என்று பள்ளி வாசலிலேயே நின்றார். பவித்ரா போனால் அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் போவார்கள். ஏற்கெனவே பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்த பள்ளி அது. மூடிவிடுவார்கள் என்ற பேச்சும் இருந்தது.

டீச்சர் வாக்குவாதம் செய்யவில்லை. ஏழுமலையின் இடுப்பிலிருந்த டேப்பைக் காட்டி, "அந்த பெஞ்சைக் கொஞ்சம் அளந்து குடுங்க" என்றார். ஏழுமலை அளந்து, "நூத்தி இருவத்தி ரெண்டு" என்றார். டேப்பை எட்டிப் பார்த்த பவித்ரா, "நூத்தி முப்பத்தி ரெண்டுன்னு போட்டிருக்குப்பா" என்றாள்.

"முனை தேஞ்சிருக்குல்ல. பத்துல புடிச்சேன். பத்தைக் கழிக்கணும்."

"இதத்தான் நானும் சொல்லிக் குடுக்குறேன்" என்றார் டீச்சர்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஏழுமலை டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "என் டேப்பு தானா தேஞ்சிது டீச்சர். நீங்க புதுச ஒடச்சீங்க" என்றார்.

டீச்சர், "நீங்க சொல்றது நியாயம். கேக்காம ஒடச்சது தப்பு" என்றார், பிள்ளைகள் முன்னாலேயே. அந்த வாரமே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழு ஸ்கேல் வாங்கித் தந்தார். அது வீட்டில் இருக்க வேண்டும், யாரும் அறுக்கக் கூடாது. உடைந்தவை பள்ளிப் பெட்டியில் இருந்தன. அதன் பிறகு புது ஸ்கேல் எதையும் அவர் அறுத்ததில்லை. பவித்ரா ஐந்தாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தாள்.

புகார் தீர்ந்துவிட்டதால் அது செய்தியாகவில்லை. அன்று நான் கிளம்பும்போது மேசையிலிருந்த ஓர் அறுத்த ஸ்கேலை எடுத்து என்னிடம் நீட்டினார் டீச்சர். "வச்சுக்குங்க. எங்களவிட உங்களுக்குத்தான் ஜாஸ்தி தேவைப்படும்."

நான் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது ஃப்ரீசர் பெட்டி டீச்சர் வீட்டுச் சந்தில் நின்றுகொண்டிருந்தது. கதவு குறுகல், உள்ளே போகுமா என்று கொண்டுவந்தவர்களுக்குச் சந்தேகம். ஏழுமலை டேப்பை எடுத்தார். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் பவித்ரா அதை வாங்கிக் கதவு நிலையின் குறுக்கே பிடித்தார்.

"பத்துல புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன். எழுவத்தி ஒம்போது."

"கழிச்சியா?"

"கழிச்சித்தாம்பா சொல்றேன்."

பெட்டி நிலையில் உரசாமல் உள்ளே போனது.

டீச்சர் தந்த ஸ்கேல் என் மேசையில் இருக்கிறது. அது நாலில் தொடங்குகிறது. அணையில் இவ்வளவு தண்ணீர் ஏறியது, இத்தனை பேர் கூடினார்கள் என்று யாராவது எண்ணைச் சொன்னால், எதிலிருந்து எண்ணினீர்கள் என்று கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான்.

அன்று டீச்சர் வீட்டு வாசலில் விடைபெறும்போது பவித்ராவிடம் அந்த முழு ஸ்கேலைப் பற்றிக் கேட்டேன். வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம். பூஜ்யத்தோடு.